பல்லவியைத் தாண்டாத சாதகம்

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். சங்கீதம் என்றால் உயிர். ஆனால் எதுவும் துளி பிசகில்லாமல் வர வேண்டும் என்ற பிடிவாதத்தில் சாதகமும் (தினசரி இசைப் பயிற்சி) முடிவதில்லை, படிப்பும் ஓடுவதில்லை. இந்தப் பர்ஃபெக்‌ஷனிசத்தோடு எப்படிக் காலம் தள்ளுவது?

என்ன வாத்தியம் என்று நீங்கள் சொல்லவில்லை. பரவாயில்லை, உங்கள் சாதகம் எப்படி நடக்கும் என்று நானே சொல்கிறேன். உட்கார்ந்ததும் சுருதி. சேர்ந்த மாதிரியும் இருக்கும், சேராத மாதிரியும் இருக்கும். ஒருவழியாக வர்ணம் என்ற உருப்படியை எடுத்தால் அதன் முதல் பகுதியான பல்லவியில் ஒரு பிடி சறுக்கும். நிறுத்திவிட்டு முதலிலிருந்து. மறுபடி அதே இடம், மறுபடி முதலிலிருந்து. அதற்குள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார். மாதக்கணக்கில் இப்படியே போனால் பல்லவி பளபளவென்று இருக்கும், பின்பகுதியான சரணம் பச்சையாக இருக்கும். சரியா?

நானும் அதே ரகம்தான். கும்பகோணத்தில் பள்ளிக்கூட நாளிலிருந்து வீணை, அப்புறம் இன்ஜினியரிங். இந்த வியாதிக்கு வீணையைப் போல வசதியான வாத்தியம் வேறு கிடையாது. வாசிக்க 4 தந்தி, தாளத்துக்கு 3 தந்தி. தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகு, நுணுக்கமாகச் சுருதி சேர்க்கும் லங்கர் வளையத்தை நகர்த்து, மீட்டிப் பார், மறுபடி திருகு. அதிலேயே பாதி நேரம் போய்விடும். அதோடு, மெட்டுகள், அதாவது தந்திகளுக்கு அடியில் குறுக்கே இருக்கும் உலோகக் கம்பிகள், 24-ம் மெழுகின்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. சித்திரை வெயிலில் மெழுகு இளகி மெட்டு அசைந்துவிட்டதோ என்று ஒரு சந்தேகம் வந்தால் அன்றைய சாதகம் அவ்வளவுதான். மேளம் கட்டுவதற்கு, அதாவது மெட்டுகளை மெழுகில் சரியாகப் பொருத்தித் தருவதற்கு, தஞ்சாவூரிலிருந்து ஒரு பெரியவர் வருவார். நான் அடம்பிடித்து அவரை வரவழைத்தேன். அவர் ஒவ்வொரு மெட்டாக மீட்டிக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு பாப்பா, நீ வாசி" என்று சொல்லி, அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். வந்த செலவுக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

என்னை இதிலிருந்து இழுத்து வெளியே போட்டது ஒரு சலங்கை பூஜை, அதாவது நாட்டியம் கற்கிற பெண் முதன்முதலில் சலங்கை கட்டி ஆடும் விழா. என் வீணை டீச்சருக்குத் தெரிந்த டான்ஸ் மாஸ்டரின் குழுவில் வழக்கமாக வாசிக்கும் வயலின்காரருக்கு டைபாய்டு. டீச்சர் என்னைப் போகச் சொன்னார்.

"நான் இன்னும் ரெடியாகலை டீச்சர்."

"நீ எப்ப ரெடியாகி அந்தப் பொண்ணு எப்ப ஆடறது? போடி."

நாட்டிய வர்ணம் அரை மணி நேரத்துக்குக் குறையாது. சஞ்சாரி, அதாவது ஒரு வரியின் பொருளை அபிநயத்தில் கதையாக விரிக்கும் இடம், வரும்போது பாடுகிற அக்கா ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். ஆடுகிற பெண் கதையை முடிக்கும்வரை அந்த வரி சுற்றிக்கொண்டே இருக்கும், வீணையும் கூடவே போக வேண்டும். முதல் ஒத்திகையில் ஓரிடம் சறுக்கியது. வீட்டுப் பழக்கத்தில் கையை எடுத்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் வரி எங்கேயோ போய்விட்டது. எங்கே சேர்ந்துகொள்வது என்றே தெரியவில்லை. மாஸ்டர் தாளம் தட்டும் கோலான தட்டுக்கழியை நிறுத்தவே இல்லை. தட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பி, "விட்டதை விடும்மா, வர்றதைப் பிடி" என்றார். திட்டவும் இல்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

எனக்கு உறைத்தது இதுதான். தவறிய உடனே நிறுத்தி முதலுக்குப் போகிறவர் திருத்திக்கொள்வதற்காகச் சாதகம் செய்யவில்லை, நிறுத்துவதற்குத்தான் சாதகம் செய்கிறார். நாளடைவில் விரலுக்கு நன்றாகப் படிந்துவிடுவது அந்த நிறுத்தம்தான். தாளம் யாருக்காகவும் நிற்காது என்பதை வீட்டில் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொள்ளவே முடியாது. உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே உருப்படியான யோசனையும் இதுதான்: யாருடனாவது சேர்ந்து வாசியுங்கள். பஜனை, கொலு, டான்ஸ் வகுப்பு, எதுவானாலும் சரி.

விழா அன்றும் பிசகியது. கேட்டவர்களில் யாருக்கும் தெரியவில்லை. பாடின அக்காவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "முக்தாயி ஸ்வரத்துல ஓரிடம் போச்சில்ல? எனக்கும்தான் போச்சு" என்றார். வர்ணத்தின் நடுவில் வரும் ஸ்வரப் பகுதிதான் முக்தாயி ஸ்வரம்.

இதைப் படித்துவிட்டு, 'ஏனோதானோ என்று வாசிக்கச் சொல்கிறீர்களா, சங்கீதம் கெட்டுப்போனதே உங்களைப் போன்றவர்களால்தான்' என்று சிலர் கிளம்புவார்கள். அந்தக் கால வீணை மேதை, வீணை தனம்மாளை இழுப்பார்கள். சரி, நானே இழுக்கிறேன். சின்னச் சத்தத்தைக்கூடப் பொறுக்கமாட்டார் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. ஆனால் அதே தனம்மாள்தான் சென்னை ஜார்ஜ் டவுனில் தன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் உட்கார்ந்து வாசித்தார், ஊரிலுள்ள வித்வான்கள் எல்லாம் போய்க் கேட்டார்கள். 'இன்னும் சரியாக வரவில்லை' என்று வெள்ளிக்கிழமையைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தால் இன்று நமக்கு அவர் பெயரே தெரிந்திருக்காது.

போனில் ட்யூனர் ஆப் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறவரா நீங்கள்? அப்படியானால் தோடி ராகத்தை நினைத்துப் பாருங்கள். கணக்குப்படி அதில் வருவது சாதாரண காந்தாரம், அதாவது 'க' ஸ்வரத்தின் ஒரு வகை. கரகரப்பிரியாவிலும் அதே சாதாரண காந்தாரம்தான். ஆனால் அந்த மெட்டில் விரலை வைத்து வெறுமனே மீட்டினால் தோடி வராது. பெரும்பாலும் கீழ் மெட்டிலிருந்து தந்தியை இழுத்து அசைத்துத்தான் அதை வாசிப்பார்கள், அந்த அசைவும் பாணிக்குப் பாணி மாறும். ஆப் எதைப் பார்த்துப் பச்சை காட்டும்? தம்புராவோடு சேர்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பிலும் இதே கதைதான். எங்கள் செமஸ்டர் வினாத்தாளில் 2 மார்க் கேள்வி பத்து, 13 மார்க் கேள்வி ஐந்து, 15 மார்க் ஒன்று. அந்த 2 மார்க் பதில்களை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அலங்கரித்துவிட்டு, கடைசி 13 மார்க் கேள்வியைத் தொடக்கூட நேரமில்லாமல் எழுந்து வருகிறவர்கள் வகுப்புக்கு நாலு பேர் இருப்பார்கள். கடைசிப் பெரிய கேள்வியை முதலில் எழுதிவிடுங்கள். சாதகத்திலும் வாரத்தில் சில நாள் சரணத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

கல்லூரி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாலிபால் டீமுக்கு ஒரு வாரம் ஓ.டி. (ஆன் டியூட்டி, வகுப்புக்கு வராமலே வருகைக் கணக்கு) கேட்காமலே கிடைக்கும். பஸ் கொடுப்பார்கள், பிரியாணி கொடுப்பார்கள். நான் ஒரு மத்தியானம் கச்சேரிக்குப் போக ஓ.டி. கடிதத்தில் கையெழுத்து வாங்க நாலு அறை ஏறி இறங்க வேண்டும். "பாட்டெல்லாம் ஞாயித்துக்கிழமை வச்சுக்கோம்மா" என்பார் துறைத்தலைவர். அதே மனுஷர்தான் ஆண்டு விழா வந்தால் இறைவணக்கத்துக்கு ஆள் தேடி எங்கள் வகுப்புக்கு வருவார். நிற்க.

நான் டாக்டர் இல்லை. தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வாத்தியத்தைப் பார்த்தாலே படபடப்பு வருகிறது என்றால் என் கதையெல்லாம் போதாது. மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, காசு கிடையாது, தமிழிலும் பேசலாம்.

அந்த நிலை இல்லையென்றால், அடுத்த பாடத்துக்குப் போகலாம் என்று உங்கள் குரு ஏற்கெனவே சொல்லியிருப்பார், நீங்கள்தான் 'இது இன்னும் வரலை' என்று மறுத்திருப்பீர்கள். அடுத்த வகுப்பில் வாயைத் திறக்காமல் புது நோட்டைப் பிரித்து வையுங்கள்.