வெளியில் உட்கார்ந்து வரைய எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

கேள்வி: வீட்டுக்குள் நீர்வண்ணம் தீட்டிப் பழகியிருக்கிறேன். இனி வெளியில் போய் வரைய ஆசை. மடக்கு ஈசல் (வரையும் பலகையைத் தாங்கும் சட்டம்), 24 வண்ணம், குடை, ஸ்டூல் எல்லாம் சேர்ந்த செட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். இந்த மாதிரி செட்டில் ஈசலும் குடையும்தான் படத்தில் எடுப்பாகத் தெரியும். தாளும் தூரிகையும் பெரும்பாலும் கணக்குக்குச் சேர்த்தவை. முதல் இரண்டு மூன்று தடவை கையில் இருப்பதை வைத்தே போய் வாருங்கள். மடியில் வைக்க ஏ4 அளவு அட்டை, நாலு கிளிப், எண் 8 அல்லது 10 வட்டத் தூரிகை ஒன்று, அரை லிட்டர் தண்ணீர், பழைய பருத்தித் துணி போதும். எது படுத்துகிறதோ அதற்குப் பிறகு பணம் போடலாம். முதுகு வலிக்கிறவருக்கு ஸ்டூல். நின்று கையை வீசி வரைகிறவருக்கு ஈசல்.

எடையையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். மரப் பெட்டி ஈசல் மட்டுமே 5, 6 கிலோ வரும். வண்டி பக்கத்திலேயே நிற்கும் என்றால் சரி. அரை மணி நேரம் நடக்க வேண்டிய இடம் என்றால், போய்ச் சேரும்போதே வரைகிற ஆசை போயிருக்கும்.

கேள்வி: வெயிலில் வண்ணம் தீட்டத் தீட்டவே காய்ந்து கோடு கோடாக நிற்கிறது. தாளும் அப்பளம் மாதிரி வளைகிறது. தாளைக் குறை சொல்வதா, கையையா?

பாதிக்கு மேல் தாளைத்தான். 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) மரக்கூழ் தாள் தண்ணீரை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளாது. தண்ணீர் மேலேயே நிற்கும், காற்று பட்டதும் ஓரத்தில் கோடு விழும். 300 ஜிஎஸ்எம், முழுப் பருத்தித் தாள் ஈரத்தை நார்களுக்குள் பிடித்து வைப்பதால் அடுத்த தூரிகைப் போக்குக்கு அவகாசம் கிடைக்கும். அட்டையில் ‘காட்டன்’ என்று மட்டும் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். 25 சதவீதப் பருத்தியையும் அப்படித்தான் விற்பார்கள். ‘100%’ என்று அச்சிட்டிருக்க வேண்டும். மொத்தச் செலவில் பெரும்பங்கு இதற்குப் போனாலும் தப்பில்லை. நல்ல தாளில் சாதாரண வண்ணம் ஓடும், மோசமான தாளில் எந்த வண்ணமும் ஓடாது.

நாலு பக்கமும் ஒட்டிய தாள் அடுக்கான பிளாக் வளையாது, ஆனால் மேல் தாள் காயாமல் அடுத்ததை எடுக்க முடியாது. ஒரே இடத்தில் இரண்டு மூன்று படம் போடுகிறவர்கள் தாளை முன்பே வெட்டிக்கொண்டு, 4 மில்லிமீட்டர் நெளிவு பிளாஸ்டிக் பலகைகளில் டேப் ஒட்டிக் கொண்டுபோவது மேல். கடும் வெயிலில் வேறு வழி உண்டு: தாளின் இரண்டு பக்கத்தையும் நன்றாக நனைத்து, வழவழப்பான பிளாஸ்டிக் பலகை மேல் காற்றுக்குமிழ் இல்லாமல் அழுத்திவிடுங்கள். டேப்பே வேண்டாம், தானாக ஒட்டிக்கொள்ளும். அடிப்பக்க ஈரம் போகப் போகத்தான் மேல்பக்கம் காயும்.

தாள் வந்ததும் ஒரு மூலையில் வெளிர்நீலம் ஒரே சீராகத் தடவிப் பாருங்கள். கரும்புள்ளிகள் போல ஆங்காங்கே வண்ணம் உறிஞ்சினால் தண்ணீரை அளவோடு உறிஞ்சவைக்கும் பசைப்பூச்சு கெட்டுப்போன பழைய சரக்கு. மீதித் தாளைத் தொடாமல், படம் எடுத்து, பில்லோடு திருப்பிக் கேளுங்கள். நல்ல தாளும் ஈரக்காற்றில் கிடந்தால் இப்படி ஆகும். ஜிப் உறையில் போட்டு வையுங்கள்.

கேள்வி: டியூபில் ‘ஹியூ’ என்று இருந்தால் போலியா? எத்தனை வண்ணம் வாங்க வேண்டும்?

போலி இல்லை. பெயரில் உள்ள நிறமிக்குப் பதில் அதே சாயல் தரும் வேறு நிறமி போட்டிருக்கிறார்கள் என்று பொருள். பெயரை விட டியூபில் அச்சிட்ட நிறமிக் குறியீட்டைப் பாருங்கள்: அல்ட்ராமரைன் நீலம் பி.பி. 29, குயினாக்ரிடோன் ரோஸ் பி.வி. 19. அலிசரின் கிரிம்சனில் பி.ஆர். 83 என்று இருந்தால் ஒதுக்கிவிடுங்கள், அது வெளிச்சத்தில் வெளிறும். குறியீடே போடாத பெட்டியை வாங்கவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஒரு பட்டை தீட்டி, பாதியை அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் இரண்டு மூன்று மாதம் ஒட்டி வையுங்கள்.

வெளி வேலைக்கு ஆறிலிருந்து எட்டு வண்ணம் தாராளம். ஈரம் காய்வதற்குள் வண்ணப் பெட்டியை மூடினால் பூஞ்சை பிடிக்கும், அது மட்டும் நினைவிருக்கட்டும்.

கேள்வி: கேமரா டிரைபாடையே ஈசலாக்கலாமா?

ஆக்கலாம். டிரைபாட் தலையில் இருப்பது பெரும்பாலும் கால் அங்குலத் திருகு. பலகையின் அடியில் அதற்கேற்ற நட்டு பொருத்தினால் போதும். விளம்பரத்தில் ‘தாங்கும் எடை’ என்று போட்டிருப்பது நேராக மேலே வைக்கும் எடை. தூரிகை அழுத்துவதும் காற்று தள்ளுவதும் பக்கவாட்டில். அதனால் உங்கள் சாமானின் எடையைப் போல் இரண்டு மடங்காவது தாங்கக்கூடியதாகப் பாருங்கள். நடுத்தண்டை உயர்த்தாமல், கால்களை அகட்டி நிறுத்துங்கள். ஆடாமல் நிற்க, பையை டிரைபாடின் நடுவிலுள்ள கொக்கியில் மாட்டும்போது தரையை லேசாகத் தொடும்படி விடுங்கள். அந்தரத்தில் தொங்கினால் காற்றில் ஊஞ்சலாடி ஈசலையே சாய்த்துவிடும்.

கேள்வி: அங்கே அருமையாகத் தெரிந்த படம் வீட்டில் இருட்டடித்துப் போகிறது. வண்ணம் மட்டமா?

வண்ணத்தின் மேல் பழி போடாதீர்கள். நேர்வெயில் பட்ட வெள்ளைத் தாள் கண்ணைக் கூசவைக்கும். அந்த ஒளியில் எல்லா வண்ணமும் உள்ளதைவிடப் பளிச்சென்று தெரியும். அதைச் சரிக்கட்ட நீங்கள் கூடுதல் அடர்த்தியாகத் தீட்டிவிடுவீர்கள். தாளும் வண்ணம் குழைக்கும் பேலட்டும் ஒரே நிழலில் இருக்க வேண்டும், இதுதான் மருந்து. மர நிழல் கிடைத்தால் குடையே வேண்டாம். வாங்குவதானால் வெள்ளை, சாம்பல், கறுப்பு மட்டும். சிவப்புக் குடை படம் முழுக்கச் சிவப்பைக் கொட்டும். குடையை ஈசலில் கட்டாதீர்கள், தனிக்கம்பியில் தரையில் குத்துங்கள். குளிர்கண்ணாடிக்குப் பதில் அகல விளிம்புத் தொப்பி.

இன்னொன்று: நிழல் நகரும். வந்ததும் நிழல்களின் ஓரத்தைப் பென்சிலில் குறித்துவிடுங்கள், பிறகு அது எங்கே ஓடினாலும் துரத்த வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனால் நீங்கள் பார்ப்பது வேறு காட்சி.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? படம் எடுத்து வந்து வீட்டில் வரையலாமே.

வரையலாம். ஆனால் கேமரா வானத்தைப் பிடித்தால் நிழலைக் கறுப்பாக்கும், நிழலைப் பிடித்தால் வானத்தை வெளுத்துவிடும். வெள்ளைச் சுவரின் நிழலில் வானத்து நீலமும், அடிப்பகுதியில் செம்மண்ணிலிருந்து ஏறும் ஆரஞ்சும் ஒரே நேரத்தில் தெரிவதை நேரில் நின்றால்தான் பிடிக்க முடியும். அதற்காகத்தான் எறும்புக்கடியைப் பொறுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: எண்ணெய் வண்ணத்தை விமானத்தில் கொண்டுபோகலாமா?

பெரும்பாலும் கொண்டுபோகலாம். டியூபுகள் தாவர எண்ணெயில் குழைத்தவை, டர்ப்பன்டைன் மாதிரிச் சட்டென்று தீப்பற்றாது. தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தகவல் தாளை அச்செடுத்துக் கூடவே வைத்து, செக்-இன் பெட்டியில் அனுப்புங்கள். வண்ணத்தைக் கரைக்கும் டர்ப்பன்டைன் எந்தப் பையிலும் கூடாது. போகும் ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது தூரிகையைத் துடைத்து, எண்ணெயில் அலசி, சோப்பால் கழுவுங்கள். ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைக் கசக்கிப் பையில் திணிக்கக் கூடாது. காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போடுங்கள்.