சிங்கப்பூரில் காண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) வாங்க வக்கீல் எதற்கு?

"எல்லாவற்றையும் ஏஜென்டே பார்க்கிறாரே, வக்கீலுக்கு ஏன் தனியாகக் காசு?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏஜென்ட் விலை பேசி முடிப்பார், அவ்வளவுதான். வீடு சட்டப்படி உங்கள் பெயருக்கு மாறுவது வக்கீல் கையில்.

மறுவிற்பனை காண்டோவுக்கு வழக்கமாக விலையில் 1 விழுக்காடு கட்டி ஆப்ஷன், அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் அந்த வீட்டை வாங்கும் உரிமையை, வாங்குவீர்கள். அப்புறம் வக்கீல் நில ஆணையத்தில் கேவியட் போடுவார், அதாவது இந்த வீட்டில் உங்களுக்கும் உரிமை இருக்கிறது என்று பதிந்துவைப்பார், விற்பவர் நடுவில் வேறொருவருக்குக் கைமாற்றப் பார்த்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். சாலை விரிவாக்கத்தில் இடம் போகிறதா, சொத்து வரி பாக்கியா என்றெல்லாம் அரசு அமைப்புகளிடம் எழுதிக் கேட்பதும் அவர்தான். முத்திரை வரிக்கு ஆப்ஷனை எக்சர்சைஸ் செய்ததிலிருந்து, அதாவது கையெழுத்திட்டு வாங்குவதை உறுதிசெய்ததிலிருந்து, 14 நாள்தான், தாண்டினால் அபராதம். விற்பவரின் வங்கிக் கடனும், வீட்டுக்காக அவர் எடுத்த மசேநி (மத்திய சேம நிதி) பணமும் வட்டியோடு அடைபடுகிறதா என்பதை இரு தரப்பு வக்கீல்களும் சேர்ந்து சரிபார்ப்பார்கள்.

முன்பணக் காசோலையை வக்கீலின் சாதாரணக் கணக்குக்கு எழுதாதீர்கள், அதற்கென்றே கன்வேயன்சிங் கணக்கு, அதாவது சொத்து கைமாறும் பணத்துக்கான தனிக் கணக்கு, உண்டு. கடன் வாங்கும் வங்கியின் பட்டியலில் உள்ள வக்கீலாகப் பாருங்கள், இல்லாவிட்டால் உங்கள் வக்கீலுக்கும் வங்கியின் வக்கீலுக்கும் என்று இரண்டு கட்டணம் அழ வேண்டிவரும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கடனில் வீவக வீடு வாங்குபவர்கள் கழகத்தின் வழக்கறிஞரையே வைத்துக்கொள்ளலாம்.