மகள் ஜெர்மனி போகட்டும், எந்தப் படிப்புக்கு என்பதை முதலில் பார்ப்போம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் ஏழாவது செமஸ்டர், சிஜிபிஏ 7.8, அரியர் எதுவும் இல்லை. ஜெர்மனியில் டேட்டா சயன்ஸ் எம்.எஸ். படிக்க விரும்புகிறாள். கன்சல்டன்சிக்காரர்கள் பெர்லினில் ஒரு தனியார் கல்லூரியில் சீட் உறுதி என்றும், ஆண்டுக்கு 12,000 யூரோ கட்டணம், இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். திருச்செங்கோட்டு வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி.

முன்பணத்தை இப்போது கட்டாதீர்கள். அந்தக் கல்லூரி மோசடி என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியில் அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் கல்லூரிகள் உண்டு, பட்டமும் செல்லும். ஆனால் 7.8 வாங்கிய, அரியர் இல்லாத பிள்ளைக்குக் கல்விக் கட்டணமே இல்லாத அரசுப் பல்கலைக்கழகங்களின் கதவு திறந்திருக்கும்போது, அதைத் தட்டிக்கூடப் பார்க்காமல் இரண்டு ஆண்டுக்குச் சுமார் 24 லட்சம் ரூபாய்க் கட்டணத்துக்கு ஏன் போக வேண்டும்? கன்சல்டன்சிக்கு மாணவரைச் சேர்த்துவிட்டதற்காகத் தனியார் கல்லூரி கமிஷன் தரும். அரசுப் பல்கலைக்கழகம் தராது. உங்களுக்குக் காட்டிய பட்டியலில் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றுகூட இல்லாததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். இன்னொன்றும் பாருங்கள்: சில தனியார் கல்லூரிகள் பாதி வகுப்பை ஆன்லைனில் நடத்துகின்றன. மாணவர் விசா நேரில் போய்ப் படிப்பதற்குத் தரப்படுவது. ஆன்லைன் வகுப்பு அதிகமானால் பின்னால் சிக்கல் வரும்.

இனி படிப்புக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் 'எந்த நாடு, எந்த யுனிவர்சிட்டி' என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தக் கோர்ஸ் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஜெர்மனியில் முதுநிலைப் படிப்புக்கான சேர்க்கையில் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட, மகள் இளநிலையில் என்னென்ன பாடம், எத்தனை கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் புள்ளி) படித்திருக்கிறாள் என்பதுதான் தீர்மானிக்கும். ஒவ்வொரு கோர்ஸுக்கும் சேர்க்கை விதி தனியாக எழுதப்பட்டிருக்கும். கணிதத்தில் இத்தனை, கணினி அறிவியலில் இத்தனை, இயந்திரவியலில் இத்தனை கிரெடிட் வேண்டும் என்று அதில் இருக்கும். அது பொருந்தவில்லை என்றால் சிஜிபிஏ 9.5 இருந்தாலும் விண்ணப்பம் திரும்பி வரும்.

மெக்கானிக்கல் படித்தவர்கள் டேட்டா சயன்ஸுக்கு அப்ளை செய்து ஏமாறுவது இங்கேதான். மாக்டெபர்க் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலேயே நடக்கும் 'டேட்டா அண்ட் நாலெட்ஜ் இன்ஜினியரிங்' நம் பிள்ளைகளிடம் பிரபலமான படிப்பு. ஆனால் அது கணினி அறிவியல் பின்னணி உள்ளவர்களுக்கானது. மெக்கானிக்கலில் இரண்டு செமஸ்டர் புரோகிராமிங் படித்திருப்பது அங்கே போதாது. ஆன்லைனில் வாங்கிய சான்றிதழ்களையும் கிரெடிட்டாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

சரி, அப்படியானால் மகளின் ஆசை? அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, கொஞ்சம் திருப்பினால் போதும். உங்கள் கடிதத்தோடு வந்த மதிப்பெண் பட்டியலைப் பார்த்தேன். கணிதத் தாள்கள் எல்லாவற்றிலும் நல்ல கிரேடு, நியூமெரிக்கல் மெத்தட்ஸிலும் ஃபைனைட் எலிமென்ட் அனாலிசிஸிலும் இன்னும் நன்றாக. இந்த மதிப்பெண்களுக்கு நேராகப் பொருந்துவது கம்ப்யூட்டேஷனல் இன்ஜினியரிங். ஒரு காரின் சட்டகம் மோதலில் எப்படி நெளியும், டர்பைனில் காற்று எப்படிப் பாயும் என்பதையெல்லாம் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் துறை அது. கோடிங், கணிதம், தரவு மூன்றும் அதில் உண்டு. நாலு வருடம் படித்த மெக்கானிக்கலும் வீணாகாது.

ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் 'காமாஸ்' என்று ஒரு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. பொருள்களையும் கட்டமைப்புகளையும் கணினி வழியாக ஆராயும் இயந்திரவியல், முழுக்க ஆங்கிலத்தில். போஹும் நகரின் ரூர் பல்கலைக்கழகத்திலும், எர்லாங்கன்-நியூரம்பெர்க் பல்கலைக்கழகத்திலும் கம்ப்யூட்டேஷனல் இன்ஜினியரிங் என்ற பெயரிலேயே ஆங்கிலப் படிப்பு உண்டு. சீகன் பல்கலைக்கழகத்தில் மெக்கட்ரானிக்ஸ் இருக்கிறது. வாகனத் துறையில் நாட்டம் இருந்தால் கைசர்ஸ்லாட்டர்னில் வணிக வாகனத் தொழில்நுட்பம் என்றே ஒரு முதுநிலைப் படிப்பு, அதாவது லாரி, டிராக்டர், கட்டுமான இயந்திரங்கள் பற்றியது. போர்வெல் வண்டி கட்டும் ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு இதில் ஆர்வம் வந்தால் நான் வியப்படைய மாட்டேன், கேட்டுப் பாருங்கள்.

கோர்ஸ்களைத் தேட யாருக்கும் பணம் தர வேண்டாம். ஜெர்மனியின் அரசு சார்ந்த கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட், ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புகளை ஒரே இடத்தில் திரட்டி இணையத்தில் வைத்திருக்கிறது. எல்லா மொழிப் படிப்புகளும் வேண்டுமானால் 'ஹோக்ஷூல்கொம்பாஸ்' என்ற தளம். டாட் அமைப்புக்குச் சென்னையில் தகவல் மையமும் உண்டு. ஒரு கோர்ஸ் பிடித்தால் மகள் அதன் 'மாட்யூல் ஹேண்ட்புக்' என்ற ஆவணத்தை இறக்கிப் படிக்கட்டும். ஒவ்வொரு பாடத்திலும் என்ன சொல்லித் தருகிறார்கள், எத்தனை கிரெடிட், எப்படித் தேர்வு என்பதெல்லாம் அதில் இருக்கும். நூறு பக்கத்துக்கு மேலும் போகும், அலுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் படிக்க வேண்டும். கோர்ஸின் பெயரை மட்டும் பார்த்துப் போய்விட்டு, முதல் செமஸ்டரிலேயே 'இதற்காகவா வந்தேன்' என்று அழும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து ஒரு அட்டவணை போட வேண்டும். இடதுபக்கம் கோர்ஸ் கேட்கும் பாடம், வலதுபக்கம் மகள் படித்த பாடம், அதன் கிரெடிட், சிலபஸில் அது இருக்கும் பக்கம். ஐரோப்பிய கிரெடிட் கணக்கு நம்முடையதோடு நேராகப் பொருந்தாது. அங்கே ஓர் ஆண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட், முதுநிலைக்கு மொத்தம் பெரும்பாலும் 120. கல்லூரியில் சிலபஸை முத்திரையிட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள், படித்து முடித்து வெளியே வந்தபின் அலைவது கடினம்.

மதிப்பெண்ணையும் அவர்கள் மாற்றிக் கணக்கிடுவார்கள். அங்கே 1 என்பது மிகச் சிறந்தது, 4 என்பது வெறும் தேர்ச்சி. அதிகபட்ச மதிப்பெண்ணில் நம் மதிப்பெண்ணைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3 ஆல் பெருக்கி 1 கூட்ட வேண்டும். அதிகபட்சம் 10, தேர்ச்சி 5 என்றால் மகளின் 7.8 அங்கே ஏறக்குறைய 2.3. பல கோர்ஸ்களில் 2.5 வரை ஏற்கிறார்கள், ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. தேர்ச்சி மதிப்பெண் 4 என்று கணக்கிட்டால் அதே 7.8 சுமார் 2.1 ஆகிவிடும். அதனால் குறைந்தபட்சத் தேர்ச்சி கிரேடு எது என்று மகள் இங்கே படிக்கும் பல்கலைக்கழகத்தின் விதியைச் சரியாகக் காட்டும் சான்று முக்கியம்.

இப்போது பணம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்புத் தொகைதான். பல ஊர்களில் அதற்குள்ளேயே பஸ், ரயில் பாஸும் அடங்கிவிடும். ஆனால் எல்லா இடத்திலும் இலவசம் என்று நினைத்துவிட வேண்டாம். பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில், ஸ்டுட்கார்ட் அங்கேதான் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து முதுநிலைக்கு, படிப்பைப் பொறுத்து, செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. அரசுப் பல்கலைக்கழகத்திலேயே, வேலை அனுபவம் உள்ளவர்களுக்கான 'வைட்டர்பில்டண்ட்' என்ற வகை முதுநிலைக்குக் கட்டணம் உண்டு. மகளுக்கு வேண்டியது 'கொன்செகுட்டிவ்', அதாவது இளநிலையின் தொடர்ச்சி, என்று குறிப்பிடப்பட்ட படிப்பு.

விசாவுக்கு 'பிளாக்டு அக்கவுண்ட்' என்ற, மாதாமாதம் ஒரு பங்கு மட்டுமே எடுக்க முடிகிற கணக்கில் ஓர் ஆண்டுச் செலவைக் கட்டிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் சுமார் 12 லட்சம். இது கட்டணம் அல்ல ஐயா, உங்கள் மகளின் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான பணம். மாதம் 992 யூரோ என்று அவள் கணக்குக்கே திரும்பி வரும். மாக்டெபர்க், கெம்னிட்ஸ் போன்ற கிழக்கு ஊர்களில் அதற்குள் ஓட்டிவிடலாம், மியூனிக்கில் வாடகையே பெரும்பகுதியைத் தின்றுவிடும். தொகையை அவ்வப்போது ஏற்றுவார்கள், தூதரகத்தின் தளத்தில் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

ஆக, கல்விக் கட்டணம் இல்லாத பல்கலைக்கழகமானால், முதல் ஆண்டுக்கு உங்களுக்கு வேண்டியது சுமார் 12 லட்சமும், விண்ணப்பம், விசா, விமானச் செலவும். பகுதிநேர வேலைக்கு ஆண்டுக்கு 140 முழு நாள் வரை அனுமதி, 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. இரண்டாம் ஆண்டுச் செலவில் ஒரு பங்கை அதில் ஈடுகட்டலாம். முதல் செமஸ்டரில் அந்த வருமானத்தை நம்பாதீர்கள், அப்போது படிப்பே மூச்சு முட்டும். 12 லட்சக் கடனுக்கும் வங்கி ஈடு கேட்கலாம். பத்திரம் வைக்க நேர்ந்தாலும், தனியார் கல்லூரிக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்த கடனுக்கு வைப்பதும் இதற்கு வைப்பதும் ஒன்றல்ல, பாதிச் சுமைகூட இராது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை இருக்கிறது. உங்களுக்குப் பொருந்தினால் கடனுக்கு முன் அதைப் பாருங்கள்.

வேலை கிடைக்குமா என்பது உங்கள் மனதில் இருப்பது எனக்குத் தெரியும். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி தருகிறார்கள். ஆனால் நிலைமையை மறைக்க மாட்டேன். வாகனத் துறை அங்கே இறுக்கத்தில் இருக்கிறது. 2030க்குள் 35,000 வேலைகளைக் குறைப்பதாக ஃபோக்ஸ்வாகன் 2024 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது, 2028க்குள் 14,000 வரை குறைப்பதாக வாகன உதிரிபாகம் செய்யும் இஸட்எஃப் நிறுவனமும் அறிவித்திருக்கிறது. வேலை தேடும் பிள்ளைகளில் ஜெர்மன் பேசத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் இடைவெளி மிகப் பெரிது. ஆங்கிலத்திலேயே கோர்ஸ் என்பதால் மொழி வேண்டாம் என்று கன்சல்டன்சியில் சொல்லியிருப்பார்கள். படிப்பதற்கு ஜெர்மன் வேண்டாம், பிழைப்பதற்கு வேண்டும். நடுத்தர நிறுவனங்கள், அவைதான் அங்கே அதிகம், ஜெர்மனில்தான் இயங்குகின்றன. இந்த வாரமே ஏ1 என்ற தொடக்கநிலை ஜெர்மன் வகுப்பில் சேரட்டும், கோதே இன்ஸ்டிட்யூட் ஆன்லைனிலும் நடத்துகிறது. கிளம்புவதற்குள் அடுத்த நிலையான ஏ2, அங்கே முதல் ஆண்டுக்குள் அதற்கும் அடுத்த பி1 என்று வைத்துக்கொண்டால் இன்டர்ன்ஷிப் தேடும்போது அவளுக்கே வித்தியாசம் தெரியும்.

கால அளவு இப்படி வரும். இந்தியச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் சான்று 2022 நவம்பர் முதல் கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். கையில் வர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கிலும் ஆகும், எனவே முதல் வேலை அதுதான். கூடவே ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு, 6.5 இருந்தால் பெரும்பாலான கோர்ஸுக்குப் போதும். பல பல்கலைக்கழகங்கள் 'யூனி-அசிஸ்ட்' என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாக விண்ணப்பம் வாங்குகின்றன, முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டருக்கு அடுத்தடுத்தவற்றுக்கு 30 யூரோ. அக்டோபரில் தொடங்கும் குளிர்கால செமஸ்டருக்குக் கடைசித் தேதி ஜூலை 15 என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆங்கிலக் கோர்ஸ் பலவற்றுக்கு மார்ச்சிலோ மே மாதத்திலோ முடிந்துவிடும். தேதியைக் கோர்ஸின் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். அட்மிஷன் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கும் பதிவு செய்துவிடுங்கள், பெரிய ஊர்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம்.

எட்டு கோர்ஸுக்கு மேல் வேண்டாம். நன்கு பொருந்துபவை ஐந்து, கொஞ்சம் கடினமானவை இரண்டு, உறுதியாகக் கிடைக்கும் என்று தோன்றுவது ஒன்று. நான் சொன்ன அட்டவணையை மகளே உட்கார்ந்து போடட்டும், நீங்களோ கன்சல்டன்சியோ போட்டுத் தர வேண்டாம். முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் தருகிறேன். டேட்டா சயன்ஸ்தான் வேண்டும் என்று அப்போதும் அவள் உறுதியாக இருந்தால், மெக்கானிக்கல் பின்னணியை ஏற்கும் கோர்ஸ் எங்காவது இருக்கிறதா என்று நாம் மூவரும் சேர்ந்து தேடுவோம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்