வாசகர் கேள்வி பதில்: ஸ்பீக்கருக்குப் பின்னால எவ்வளவு இடம் விடோணும்?

கேள்வி (மல்லாவி வாசகர்): அண்ணை, எங்கட இந்தியன் வீட்டுத்திட்ட வீடு, ஹோல் 10க்கு 12 அடி வரும். ரெண்டு ஸ்பீக்கர் பெட்டியையும் ரீவிக்கு ரெண்டு பக்கமும் சோகேஸ் தட்டுக்குள்ள வைச்சிருக்கிறன். இடம் வலம் பிரிஞ்சு வடிவாக் கேக்குது, ஆனா எல்லாம் ஒரே கோட்டில, சுவரில ஒட்டின மாதிரிக் கிடக்கு. கொழும்பில சிநேகிதன் வீட்டில கேக்கேக்க பாடுறவர் முன்னுக்கும் வயலின்காரர் பின்னுக்கும் நிண்ட மாதிரி இருந்தது. பெட்டி மாத்தோணுமோ?

பதில்: வேண்டாம் தம்பி, காசைப் பிடிச்சு வையுங்கோ. முதல் வேலையா பெட்டி ரெண்டையும் சோகேஸுக்குள்ளயிருந்து வெளியில எடுங்கோ.

ஒரு சத்தம் கிட்டவோ தூரவோ எண்டு காது எப்பிடிப் பிடிக்குது எண்டால், நேரா வாற சத்தமும் அந்த இடத்தின்ர எதிரொலியும் எந்த அளவில கலந்து வருகுது எண்டதை வைச்சுத்தான். அந்த மெல்லிய எதிரொலி பாட்டோட சேர்ந்தே பதிவாகியிருக்கும். உங்கட பெட்டியின்ர முன்முகம் பின்சுவரிலயிருந்து ஒரு அடியில இருந்தால், சுவருக்குப் போய்த் திரும்பிற சத்தம் ரெண்டு அடிதான் கூட ஓடும், அது 2 மில்லிசெக்கன்கூட இல்லை, ரெண்டு சத்தத்தையும் காது ஒண்டாக் குழைச்சுப்போடும், பதிவில இருந்த அந்த மெல்லிசு அதுக்குள்ள அமுங்கிப்போகும். முன்முகம் சுவரிலயிருந்து 3 அடியில வாற மாதிரி முன்னுக்கு இழுத்தால் சுவரின்ர சத்தம் 5 மில்லிசெக்கன் பிந்தித்தான் வரும், தூரம் கூடக்கூட பலமும் குறையும். பின்னுக்கு இடம் திறந்த மாதிரி இருக்கும்.

உங்கட ஹோலுக்கு நான் சொல்லுறது: 10 அடிச் சுவர்ப் பக்கமா, சுவரிலயிருந்து 3 அடி, பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில 6 அடி, கதிரையிலயிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் அதே 6 அடி. முதுகுக்குப் பின்னால 4 அடிக்குக் கிட்ட மிஞ்சும், அது நல்லது, கதிரையைப் பின்சுவரோட ஒட்டிப்போட்டால் மற்றதெல்லாம் வீண். டுவீற்றர், அதுதான் பெட்டியில கீச்சுச் சத்தம் வாற சின்ன ஸ்பீக்கர், காது உயரத்துக்கு வரோணும். பெட்டியை உள்ளுக்குத் திருப்பேக்க, கதிரையில இருந்து பாக்க உட்பக்கப் பலகை ஒரு விரல் அளவு தெரியிற மாதிரி நிப்பாட்டுங்கோ.

பேஸ் குறையும், அதை இப்பவே சொல்லிப்போடுறன். சுவர்தான் இவ்வளவு நாளும் பேஸைத் தூக்கிக் குடுத்தது. அதோட 3 அடியில 95 ஹேர்ட்ஸ் பக்கமா, பேஸ் சத்தத்தில ஒரு பள்ளமும் விழலாம், சுவரால திரும்பிற அலை எதிரா வந்து வெட்டுறதால. அரை அடி அரை அடியா நகர்த்திக் கேளுங்கோ, பிடிச்ச இடத்தில நிலத்தில ரேப் ஒட்டுங்கோ. பிள்ளையள் ஓடித்திரியிற ஹோலில பெட்டி நடுவில நிக்கேலாது எண்டு தெரியும், ஸ்ரூலில வைச்சால் கேக்கேக்க இழுத்து, முடிய உள்ள தள்ளலாம்.

பக்கச் சுவரிலயும் சத்தம் பட்டுத் திரும்பும், அது படுற இடத்தைப் பிடிக்க அங்க ஒருத்தரை முகம் பாக்கிற கண்ணாடியோட அனுப்புங்கோ. சுவரோட வைச்சு நகர்த்த, கதிரையில இருந்து பாக்கிற உங்களுக்கு டுவீற்றர் எந்த இடத்தில தெரியுதோ அங்க புத்தக அலுமாரியோ மொத்தத் துணியோ வரோணும். ஒரு பக்கம் வாசல் திறந்து கிடக்க மற்றப் பக்கம் வெறும் சீமெந்துச் சுவர் எண்டால் குரல் சுவர்ப் பக்கமா இழுபடும்.

கேள்வி (வவுனியா வாசகி): பெட்டியைச் சரியாத்தான் வைச்சனான், ஆனா குரல் நடுவில நிக்குதில்லை, எங்கயோ மிதக்குது, பேஸும் இல்லை.

பதில்: வயர் தங்கச்சி. ஒரு பெட்டியில சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கும். அம்பிளிஃபயரை நிப்பாட்டிப்போட்டு ஒரு பக்கத்தை மட்டும் மாத்திப் பாருங்கோ.

கேள்வி (புதுக்குடியிருப்பு வாசகர்): இதெல்லாம் செய்தும் சினிமாப் பாட்டில ஆழம் வரேல்லை.

பதில்: பெரும்பாலும் அதில ஆழம் இல்லை ஐயா. பாடகர் மைக்குக்குக் கிட்ட நிண்டு தனியாப் பாடி, எதிரொலியைப் பிறகு போட்டிருப்பினம். 1931இல ஸ்ரீரியோவுக்கு பேற்றன்ற் கேட்ட பிரிட்டன்காரர் அலன் புளூம்லைன், ரெண்டு மைக்கை ஒரே இடத்தில குறுக்க வைச்சுப் பதியிற முறையையும் குடுத்தவர். அப்பிடியான பதிவிலதான் இந்த வேலைக்கெல்லாம் பலன் தெரியும். கோயிலிலயோ மண்டபத்திலயோ ரெண்டு மைக்கால பதிஞ்ச நாதஸ்வரக் கச்சேரி ஒண்டு தேடிப் பிடியுங்கோ. நாதஸ்வரத்துக்குப் பின்னால தாளம் தட்டுறவர் எங்க இருக்கிறார் எண்டு விரலால காட்டக்கூடியதா இருந்தால் உங்கட பெட்டி சரியான இடத்திலதான் இருக்கு.