காலைப் பிட்டும் சீனத்துத் தெருக்கடையும்: வாசகர் கேள்வி – பதில்

தங்களுக்கு மிகவும் பிடித்த காலை உணவு எது? மழுப்பாமல் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.
– வாசகி, ஆரையம்பதி

சிவப்புப் பச்சையரிசி மாப் பிட்டும், முதல் நாள் இரவே காய்ச்சி வைத்த மீன் ஆணமும். ஆணம் அன்றைக்கே காய்ச்சியதாக இருந்தால் எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. ஓர் இரவு கிடந்து புளியும் மிளகாயும் மீனுக்குள் இறங்கியிருக்க வேண்டும். பிட்டைப் பொறுத்தவரை மாவை வறுக்கும் பக்குவத்தையும் கொதிநீரின் அளவையும் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். ஆனால், குழைத்த மாவைப் பேணியின் விளிம்பால் பொறுமையாகக் கொத்திச் சிறு மணிகளாக்குவதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. அவசரப்பட்டுப் பெரிய கட்டிகளை அப்படியே அவித்தால் உள்ளே மா வேகாமல் நிற்கும். மீன் இல்லாத நாளில் எருமைத் தயிரும் சீனியும் வாழைப்பழமும் போதும்.

என் மகனுக்குச் சீனாவின் ஊகான் நகரில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அங்கே குறைந்த செலவில் காலை உணவு கிடைக்குமா? அது ஹலாலாக இருக்குமா என்பதுதான் எங்களது பெரிய கவலை.
– வாசகர், சம்மாந்துறை

காலை உணவுக்கு ஊகானைவிட நல்ல ஊர் அமைவது கடினம். அந்நகரத்தார் காலையில் வீட்டில் அடுப்பு மூட்டுவதைக் காட்டிலும் தெருவில் நின்றபடியோ நடந்தபடியோ சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவதையே வழக்கமாகக் கொண்டவர்கள். அவர்களுடைய பெயர்பெற்ற உணவு ‘ரெகன்மியன்’ எனப்படும் நூடில்ஸ். முன்கூட்டியே அரை வேக்காட்டில் அவித்து, எண்ணெய் புரட்டி, காற்றில் ஆற வைத்த கோதுமை நூடில்ஸைக் கண்ணறைக் கரண்டியில் அள்ளிக் கொதிநீரில் சில நொடிகள் முக்கி எடுத்து, அதன்மேல் கெட்டியான எள் விழுதையும் சோயா சாற்றையும் பொடியாக நறுக்கிய முள்ளங்கி ஊறுகாயையும் இட்டுத் தருவார்கள். வாங்கிய உடனே நன்றாகப் பிசறிக்கொள்ள வேண்டும். தாமதித்தால் எள் விழுது இறுகிவிடும். சாதாரணக் கடையில் ஒரு கிண்ணம் 5 முதல் 8 யுவான் வரை இருக்கும். ஒரு யுவானுக்கு நாற்பது ரூபாய்க்குச் சற்று மேல் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஹலால் விடயத்தில் உங்கள் கவலை நியாயமானது. மேலே சொன்ன நூடில்ஸில் இறைச்சி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், ஊற்றுகின்ற சாற்றில் இறைச்சி கலந்திருக்கக்கூடும். தெருக்கடையில் ஆவி பறக்க விற்கும் ‘பாவ்ஸி’ என்ற அவித்த மாப்பண்டத்தின் உள்ளீடு பெரும்பாலும் பன்றி இறைச்சி. மரக்கறி உள்ளீடு என்று சொன்னாலும் பன்றிக் கொழுப்புச் சேர்க்கும் கடைகள் உண்டு. ஆகவே ஊகித்துச் சாப்பிடாமல், சீனாவின் ஹுய் இன முஸ்லிம்கள் நடத்தும் லான்சோ மாட்டிறைச்சி நூடில்ஸ் கடைகளைத் தேடிப் போவதே பாதுகாப்பானது. கன்சு மாகாணத்து லான்சோ நகரில் பிறந்த இந்த உணவை விற்கும் சிறு கடைகள் இன்று சீனாவின் ஏறத்தாழ எல்லா நகரங்களிலும் இருக்கின்றன. மாவை இரு கைகளாலும் இழுத்து, மடித்து, மறுபடியும் இழுத்து நூலாக்கும் வேலையைக் கண்முன்னே பார்க்கலாம். இத்தகைய கடைகளின் பெயர்ப் பலகையில் முன்பு அரபு எழுத்தும் காணப்பட்டது. தலைநகர் பெய்ஜிங் உட்படச் சில இடங்களில் அதை நீக்கச் செய்துவிட்டார்கள். எனவே ஹலாலைக் குறிக்கும், ‘சிங்சென்’ என்று வாசிக்கப்படும் இரண்டு சீன எழுத்துகளை மகன் விமானம் ஏறுமுன் மனப்பாடம் செய்துகொள்ளட்டும். தெருக்கடைகளிலும் பணத்தைக் கைபேசியிலேயே செலுத்துகிறார்கள் என்பதால் அந்த ஏற்பாட்டையும் முதல் வாரத்திலேயே செய்துகொள்வது நல்லது.

காணொளிகளில் சீனர்கள் தோசை போன்ற ஒன்றை முட்டை ஊற்றிச் சுடுகிறார்களே, அதை நம் வீட்டில் செய்ய முடியுமா?
– வாசகி, செங்கலடி

தாராளமாக முடியும். அதன் பெயர் ‘ஜியன்பிங்’. வட சீனாவின் காலை உணவு. தியன்ஜின் நகரில் அதைப் பயறு மாவில் செய்கிறார்கள் என்பதால், மாவளவில் ஆந்திரத்தார் சுடும் பெசரட்டுக்கு அது நெருங்கிய உறவு. முன்பெல்லாம் அந்நகரத்தார் வீட்டிலிருந்து முட்டையைக் கையோடு கொண்டுபோய்க் கடைக்காரரிடம் கொடுத்துச் சுட்டு வாங்குவார்கள்; இன்றும் அப்படிச் செய்வோர் இருக்கிறார்கள்.

உடைத்த பாசிப்பயற்றை நான்கைந்து மணி நேரம் ஊற வைத்து, பட்டுப்போல அரைத்து, கொஞ்சம் கோதுமை மாவும் உப்பும் சேர்த்துத் தோசை மாவைவிடத் தளர்வாகக் கரையுங்கள். புளிக்க வைக்க வேண்டியதில்லை. கல்லில் மெல்லியதாகப் பரப்பி, மேல்பக்கம் காயுமுன் முட்டையை உடைத்து ஊற்றித் தேய்த்து, வெங்காயத்தாளும் மல்லியிலையும் தூவி, முட்டை இறுகியதும் திருப்பிப் போடுங்கள். சீனர் அதன்மேல் இனிப்புச் சுவையுள்ள மா விழுதைப் பூசுவார்கள். அது இங்கே கிடைக்காது என்பதால் சோயா சாற்றில் சீனியும் நசுக்கிய உள்ளியும் போட்டு வற்றக் காய்ச்சினால் ஒப்பேற்றிவிடலாம். மிளகாய் விழுதுக்குப் பதிலாக நம் கட்டாச் சம்பலைப் பூசினால், என்னைக் கேட்டால், மூலத்தைவிட நன்றாகவே இருக்கும். நடுவில் வைக்கும் பொரித்த மாத்தகட்டுக்குப் பப்படம் போதும். மடித்த உடனே சாப்பிட வேண்டும். பிள்ளைகளின் பாடசாலைச் சாப்பாட்டுப் பெட்டிக்கு இது ஒத்துவராது, பப்படம் நமுத்துவிடும்.

சீனர்கள் இடியப்பம் சாப்பிடுவார்களா?
– வாசகர், வாழைச்சேனை

அதே வடிவில் இல்லை. தென் சீனாவின் சில பகுதிகளில் அரிசி மாவைத் துளைகளின் வழியே நேரே கொதிநீருக்குள் பிழிந்து, நூடில்ஸாக எடுத்துக் காலையில் சூப்போடு உண்கிறார்கள். நாம் தட்டில் பிழிந்து ஆவியில் அவிக்கிறோம். குவாங்சோவில் அரைத்த அரிசிப் பாலைத் தட்டில் மெல்லியதாக ஊற்றி அவித்து, வழித்துச் சுருட்டி, சோயா சாறு ஊற்றித் தருவார்கள். சொதிக்குப் பழகிய நாக்குக்கு அது கொஞ்சம் வெறுமையாகத் தோன்றலாம்.

நமது கடைகளில் விற்கும் சைனீஸ் ரோல்ஸ் உண்மையிலேயே சீனத்து உணவா?
– வாசகர், கல்முனை

இல்லை. உருளைக்கிழங்கும் மீனும் அல்லது இறைச்சியும் வைத்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த அந்தப் பண்டம் இலங்கைத் தேநீர்க் கடையின் சொத்து. அதைக் கேட்டுச் சீனாவில் அலைய வேண்டாம்.

கல்லடிக் கடற்கரைப் பக்கம் சீனச் சிற்றுண்டித் தள்ளுவண்டி போட நினைக்கிறேன். காலையில் விற்பனை நடக்குமா?
– வாசகர், மட்டக்களப்பு

காலையில் வேண்டாம். நம் ஊரில் இடியப்பமும் ரொட்டியும் வாங்குகிறவர், பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர். கடற்கரையில் நின்று சூடாகச் சாப்பிடும் கூட்டம் மாலையில்தான் சேரும். சீனாவில் 6 முதல் 10 யுவான் வரை விற்கும் ஜியன்பிங் நம் பணத்தில் ஏறக்குறைய 250 ரூபாயிலிருந்து 400 ரூபாய்க்கும் மேல் ஆகிறது. அங்கே மலிவாகத் தோன்றும் அந்த விலையை அப்படியே இங்கே எழுதினால் கொத்து ரொட்டிக்குப் போகிறவரை உங்கள் வண்டிக்குத் திருப்ப முடியாது. பயறும் முட்டையும் விலையேறும் பொருள்கள் என்பதால், முதலில் அரை அளவுச் சுருள் ஒன்றைச் சிறு விலைக்குப் போட்டுப் பாருங்கள். வாங்கும் சோயா சாற்றில் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துப் போத்தலை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வையுங்கள். காத்தான்குடியிலிருந்து வருகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார்.