ராஜாவுக்குப் படியளந்தவர்கள்

வணக்கம். சென்ற மாதம் முதலாம் சார்லஸ் மன்னரைப் பற்றி எழுதிய கட்டுரையை, 1649-ல் அவர் தலை வெட்டப்பட்டதோடு 'இங்கிலாந்தில் மக்கள் மன்னரை வென்றார்கள்' என்று முடித்திருந்தீர்கள். எனக்கு அதில் ஒரு சந்தேகம். பதினோரு ஆண்டில் அவர் மகனையே அழைத்து வந்து அரியணையில் உட்காரவைத்தார்களே? இன்றைக்கும் அங்கே ஒரு சார்லஸ் இருக்கிறார். தலையை வெட்டியும் போகாத அதிகாரம் அப்புறம் எப்போதுதான் போனது? நான் சார்நிலைக் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வரலாறு முறையாகப் படித்ததில்லை. கேள்வி தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

கேள்வி சரிதான். தப்பு என்னுடையது. நடுங்கினால் பயம் என்று நினைத்துவிடுவார்கள் என்று ஜனவரிக் குளிரில் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு மேடையேறிய மன்னர், கோடாரி, கூட்டம். இப்படி ஒரு காட்சி கையில் கிடைத்தால் எழுதுகிறவனுக்கு நிதானம் போய்விடுகிறது. காட்சியை நம்பி ஒரு தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

கருவூலத்தில் இருந்தவர் என்பதால் உங்களுக்கு இதைப் பணத்தின் வழியாகச் சொல்வதுதான் பொருத்தம். சண்டையும் அங்கேதான் தொடங்கியது.

புதிய மன்னர் பட்டத்துக்கு வந்ததும், இறக்குமதியாகும் ஒயினுக்கும் மற்ற சரக்குகளுக்கும் சுங்கம் வசூலிக்கும் உரிமையை நாடாளுமன்றம் அவருக்கு ஆயுள் முழுவதற்கும் கொடுத்துவிடுவது வழக்கம். 1625-ல் சார்லஸ் வந்தபோது நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையான காமன்ஸ் சபை, ஓராண்டுக்குத் தருகிறோம், பிறகு பார்க்கலாம் என்றது. மேல்சபையான பிரபுக்கள் சபையில் அதுவும் நிறைவேறவில்லை. சார்லஸ் யாரையும் கேட்காமல் வசூலித்தார். நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் வரி போடக்கூடாது என்று 1628-ல் எழுதிக் கொடுத்து அவருடைய சம்மதத்தையும் வாங்கினார்கள். மறு ஆண்டே அவர் சபையைக் கலைத்துவிட்டார். அதன் பிறகு பதினோரு ஆண்டுகள் நாடாளுமன்றமே கூடவில்லை.

அந்தப் பதினோரு ஆண்டுகளை எப்படி ஓட்டினார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பரணில் கிடந்த பழைய சட்டங்களை எல்லாம் தூசி தட்டி எடுத்தார்கள். ஆண்டுக்கு 40 பவுண்டு நில வருமானம் உள்ளவர் முடிசூட்டு விழாவுக்கு வந்து நைட் பட்டம் வாங்கியிருக்க வேண்டுமாம், வராதவர்களுக்கு அபராதம். அப்புறம் கப்பல் வரி. போர்க் காலத்தில் கடலோர ஊர்கள் மன்னருக்குக் கப்பல் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பணம் கட்ட வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. 1634-ல் போரே இல்லாதபோது அதைக் கேட்டார்கள். அடுத்த ஆண்டு கடலையே பார்க்காத உள்நாட்டு மாவட்டங்களுக்கும் நோட்டீஸ் போனது.

பக்கிங்ஹாம்ஷயரில் ஜான் ஹாம்டன் என்ற நிலக்கிழார் கட்ட மாட்டேன் என்றார். வழக்குக்கு வந்த தொகை 20 ஷில்லிங், அதாவது ஒரே ஒரு பவுண்டு. அவருடைய செல்வத்துக்கு அது கைச்செலவு. பன்னிரண்டு நீதிபதிகள் விசாரித்து 1638-ல் மன்னருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். ஏழு பேர் மன்னர் பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம். மன்னர் நியமித்த நீதிபதிகளிலேயே ஐந்து பேர் எதிர்த்துவிட்டார்கள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? ஓரிரு ஆண்டில் வசூல் படுத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, ஸ்காட்லாந்தில் புதிய வழிபாட்டுப் புத்தகத்தைத் திணிக்கப் போய் அங்கே கலகத்தை வரவழைத்துக்கொண்டார். அடக்கப் படை வேண்டும், படைக்குப் பணம் வேண்டும். 1640-ல் நாடாளுமன்றத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. பணம் கேட்டால் அவர்கள் பதினோரு ஆண்டுப் புகார் மூட்டையை அவிழ்த்தார்கள். 1642 ஜனவரி 4 அன்று ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய ஆயுதம் ஏந்திய ஆட்களோடு சார்லஸே காமன்ஸ் சபைக்குள் நுழைந்தார். ஐவரும் முன்பே நழுவிவிட்டார்கள். எங்கே என்று கேட்டதற்கு, இந்தச் சபை சொல்லாமல் பார்க்க எனக்குக் கண்ணும் இல்லை, பேச நாக்கும் இல்லை என்று சபாநாயகர் லெந்தால் மண்டியிட்டுச் சொன்னார். அன்றைக்குப் பின், சபை நடக்கும்போது எந்த மன்னரும் அதற்குள் கால் வைத்ததில்லை. ஒவ்வொரு கூட்டத்தொடரின் தொடக்கத்திலும் மன்னரின் தூதர் வரும்போது அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் நடந்தது, தலை போனது. அதிகாரம் யாரிடம் போனது? படை வைத்திருந்தவரிடம். 1653 ஏப்ரலில் நாடாளுமன்றப் படையின் தளபதி கிராம்வெல் சிப்பாய்களை விட்டு நாடாளுமன்றத்தைக் காலி செய்தார். சார்லஸ்கூட அவ்வளவு தூரம் போனதில்லை. வரியும் கப்பல் வரியைப் போலப் பல மடங்கு. 1660-ல் பழைய குடும்பத்தையே திரும்பக் கூப்பிட்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இனிமேல்தான் நீங்கள் கேட்டதற்கு நேரான பதில். 1685-ல், 1660-ல் வந்த மன்னரின் தம்பி இரண்டாம் ஜேம்ஸ் பட்டத்துக்கு வந்தார். விசுவாசம் பொங்க நாடாளுமன்றம் அவருக்கு ஆயுள் முழுவதற்கும் தாராளமான வருவாயைக் கொடுத்தது. வியாபாரம் செழித்த காலம், சுங்கம் கொட்டியது. தம் மதத்தவரான கத்தோலிக்கரை அவர் படையில் அதிகாரிகளாக வைத்ததை அந்த நவம்பரில் நாடாளுமன்றம் ஆட்சேபித்தது. கூட்டத்தைத் தள்ளிவைத்தார். அவர் ஆட்சியில் நாடாளுமன்றம் மறுபடி கூடவே இல்லை. ஏன் கூட்ட வேண்டும்? படியளக்க வேண்டியவர்கள் பத்தாயத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டார்களே.

1688-ல் மருமகன் வில்லியம் படையோடு வந்திறங்க, ஜேம்ஸ் ஓடிவிட்டார். அந்த வில்லியமையும் ஜேம்ஸின் மகள் மேரியையும் அரியணையில் அமர்த்தினார்கள். மறு ஆண்டு வந்த உரிமைச் சட்டத்தைத்தான் பாடப்புத்தகங்கள் கொண்டாடுகின்றன. ஆனால் ஒப்புதல் இல்லாமல் வரி கூடாது என்பது 1628-லேயே எழுதி வாங்கியதுதான். எழுத்தை மீறவும் ஒரு சார்லஸ் இருந்தார். இந்த முறை நாடாளுமன்றம் எழுத்தோடு நிற்கவில்லை. 1690-ல் வில்லியமுக்குச் சுங்க வருவாயை நான்கே ஆண்டுகளுக்குக் கொடுத்தார்கள். ஓடிப்போனவரை நம்பினீர்கள், காப்பாற்ற வந்த என்னை நம்பவில்லையா என்று அவருக்கு மனத்தாங்கல். படையில் ஒழுங்கை நிலைநாட்டும் சட்டத்தையும் குறுகிய காலத்துக்கு மட்டுமே போட்டு, திரும்பத் திரும்பப் புதுப்பித்தார்கள். பிரான்சோடு பெரிய போர் வேறு; ஆண்டுதோறும் பணம் வேண்டும். 1689-க்குப் பின் நாடாளுமன்றம் கூடாத ஆண்டே கிடையாது. கொடுத்த பணம் எங்கே போனது என்று பார்க்க 1691-ல் ஓர் ஆணையமும் போட்டார்கள். இதைப் படித்தபோது, ஆடிட் வருகிறது என்றால் உங்கள் அலுவலகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மசோதாவை மறுக்கும் உரிமையை மன்னரிடமிருந்து எந்தச் சட்டமும் பறிக்கவில்லை. ஸ்காட்லாந்துப் படை மசோதா ஒன்றை 1708-ல் ஆன் அரசி மறுத்தார். அதுதான் கடைசி. அதிகாரம் போன தேதியைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் நான் 1690 என்பேன். வேறொருவர் வேறு ஆண்டைச் சொல்லலாம், சண்டைக்குப் போக மாட்டேன்.

'மக்கள்' என்று எழுதியதும் தப்பு. அந்த நாடாளுமன்றத்துக்கு மாவட்டங்களில் வாக்களிக்க ஆண்டுக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள சொந்த நிலம் வேண்டும். 1647-ல் லண்டன் அருகே பட்னியில் நாடாளுமன்றப் படை வீரர்கள் கூடி, ஏழைக்கும் வாக்கு வேண்டாமா என்று கேட்டபோது, நிலபுலன் இல்லாதவனுக்கு நாட்டில் என்ன பங்கு என்று மறுத்தவர் கிராம்வெல்லின் மருமகன் அயர்ட்டன். வென்றவர்கள் நிலக்காரர்கள். பழைய கட்டுரையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். சட்டப்படியின்றி வரி கூடாது என்று நம் அரசியலமைப்பின் 265-வது பிரிவு சொல்வதும், ஒதுக்கிய பணம் மார்ச் 31-ஓடு காலாவதியாவதும் வெஸ்ட்மின்ஸ்டர், அதாவது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் வழி வந்த பழக்கம்தான். ஒதுக்கீடு இல்லை என்று எத்தனை பில்லைத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள்? உங்கள் மார்ச் மாத ராத்திரிகளைப் பற்றி எழுதி அனுப்புங்கள், இங்கே போடலாம். யாருடைய பில் என்று சொல்ல வேண்டாம். எப்படிக் கெஞ்சினார்கள் என்பது போதும்.