ஜெர்மனியில் வீடு: யார் சொல்லும் விலையை நம்புவது?

கேள்வி: ஃபிராங்க்ஃபர்ட்டில் 80 சதுர மீட்டர் ஃபிளாட், நான்கு லட்சம் யூரோ சொல்கிறார்கள். தரகர் “நியாயமான விலை” என்கிறார். இணையத்தில் பார்த்தாலும் அக்கம்பக்கத்து வீடுகள் அதே விலைதான். எனக்கு ஜெர்மன் அரைகுறை. விற்பனையில் லாபம் இல்லாத ஒருவரிடம் விலை கேட்க வழி உண்டா?

உண்டு. ஆனால் அது மனிதர் இல்லை, அலுவலகம். இணையத்தில் நீங்கள் பார்ப்பது கேட்கும் விலை. வீடு கடைசியில் என்ன விலைக்குப் போனது என்பது அங்கே இருக்காது. ஜெர்மனியில் ஒவ்வொரு வீட்டு விற்பனைப் பத்திரத்தின் நகலையும் நோட்டார் (பத்திரத்தை உறுதிசெய்யும் சட்ட அலுவலர்) ‘குட்டாக்டர்அவுஸ்ஷுஸ்’ என்ற மதிப்பீட்டுக் குழுவுக்கு அனுப்பியாக வேண்டும், அது சட்டம். நகரத்துக்கோ மாவட்டத்துக்கோ ஒன்று என்று இந்தக் குழுக்கள் இருக்கின்றன. பத்திரத்தில் எழுதிய உண்மை விலைகளை வைத்து அவர்கள் அறிக்கை வெளியிடுகிறார்கள். கட்டிய காலம், பகுதி வாரியாக ஃபிளாட்டின் சதுர மீட்டர் விலை அதில் கிடைக்கும். பல மாநிலங்களில் இலவசம், சில இடங்களில் கட்டணம். உரிய காரணம் காட்டிக் கட்டணம் செலுத்தினால், நீங்கள் பார்க்கும் வீட்டை ஒத்த விற்பனைகளின் விவரத்தையும், பெயர் முகவரி இல்லாமல், எடுத்துத் தருவார்கள்.

‘போரிஸ்’ என்ற அரசு வரைபடத்தில் வருவது ‘போடன்ரிஷ்ட்வேர்ட்’, அதாவது மனையின் சதுர மீட்டர் மதிப்பு மட்டும். நம்மூர் வழிகாட்டி மதிப்பு மாதிரி என்று எடுத்துக்கொண்டு அதைவைத்து ஃபிளாட் விலையைக் கணக்கிட்டால் தப்பாகப் போகும்.

அந்த 80 சதுர மீட்டரையும் அப்படியே நம்ப வேண்டாம். 2004இல் வந்த குடியிருப்புப் பரப்பு விதிப்படி பால்கனி, மொட்டைமாடிப் பரப்பில் வழக்கமாகக் கால் பங்குதான் சேரும், அதிகபட்சம் பாதி. சாய்வுக் கூரைக்குக் கீழே உயரம் ஒரு மீட்டருக்குக் குறைந்தால் பரப்பே இல்லை. ஒன்றிலிருந்து இரண்டு மீட்டருக்குள் இருந்தால் பாதி. உங்கள் ஃபிளாட்டில் 12 சதுர மீட்டர் மொட்டைமாடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதியாகக் கணக்கிட்டால் 6, கால் பங்காகக் கணக்கிட்டால் 3. சதுர மீட்டர் 5,000 யூரோ என்றால் இந்த ஒரு இடத்தில் மட்டும் 15,000 யூரோ வித்தியாசம். பரப்புக் கணக்குத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நான்கு லட்சத்துக்கு மேல் எவ்வளவு கையில் வைத்திருக்க வேண்டும்?

ஃபிராங்க்ஃபர்ட் இருக்கும் ஹெஸ்ஸன் மாநிலத்தில் வீடு வாங்கும் வரி 6%, அதாவது 24,000 யூரோ. நோட்டார், சொத்துப் பதிவேடு இரண்டுக்கும் சேர்த்து சுமார் 2%, 8,000 யூரோ. தரகு உங்கள் பங்குக்கு 3.57% என்றால் 14,280 யூரோ. மொத்தம் 46,280. இதற்கு வங்கி பெரும்பாலும் கடன் தராது, சொந்தச் சேமிப்பிலிருந்து போக வேண்டியது. அதே விலை வீடு பயர்ன் (பவேரியா) மாநிலத்தில் என்றால் வரி 3.5%, 14,000 யூரோதான். நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலனில் 6.5%.

தரகு பற்றி ஒன்று. 2020 டிசம்பர் 23 முதல், தரகர் இரண்டு தரப்புக்கும் வேலை செய்தால் ஆளுக்குப் பாதி என்பது சட்டம். முழுத் தரகையும் உங்கள் தலையில் கட்டப் பார்த்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: “வேறு ஆள் வந்துவிடுவார், 2,000 யூரோ கொடுத்தால் உங்களுக்காக ஒதுக்கி வைக்கிறேன்” என்கிறார் தரகர். கொடுக்கலாமா?

வேண்டாம். தரகர் தன் ஒப்பந்தத்தில் அச்சடித்து வைத்திருக்கும் ஒதுக்கீட்டுக் கட்டணம் செல்லாது என்று ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஊரில் அட்வான்ஸ் கொடுத்து விலையை உறுதி செய்யும் பழக்கம் நமக்கு ஊறிப்போனது. ஜெர்மனியில் நோட்டார் முன் கையெழுத்தாகும்வரை வாங்குபவரையும் விற்பவரையும் எதுவும் கட்டாது. காசு கொடுத்தாலும் விற்பவர் மறுநாள் வேறு ஒருவருக்கு விற்கலாம்.

கையெழுத்தான பிறகும் உடனே பணம் அனுப்பக் கூடாது. முதலில் ‘க்ருண்ட்பூக்’ என்ற சொத்துப் பதிவேட்டில் உங்கள் பேரில் முன்பதிவு ஏறும். அதன்பின் வேறு யாருக்கும் விற்று உங்களை ஏமாற்ற முடியாது. பழைய அடமானத்தை நீக்க விற்பவரின் வங்கி ஒப்புக்கொண்டதா என்பதையும் பார்த்துவிட்டு, இனிப் பணம் கட்டலாம் என்று நோட்டார் கடிதம் அனுப்புவார். அந்தக் கடிதம் வந்த பிறகே பணம் போக வேண்டும். 2023 ஏப்ரல் முதல் வீட்டு விலையை ரொக்கமாகக் கொடுக்கவும் தடை. “கொஞ்சம் கையில் கொடுங்கள்” என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

கேள்வி: நோட்டார் அரசு நியமித்தவர், நடுநிலையானவர் என்கிறார்கள். அவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் அல்லவா?

நடுநிலையானவர்தான். ஆனால் விலை அதிகமா, சுவரில் ஈரம் ஏறுகிறதா, கூரை ஒழுகுகிறதா என்பது அவர் வேலையில்லை. பழைய வீடுகளுக்கான பத்திரத்தில் வழக்கமாக, குறைபாடுகளுக்கு விற்பவர் பொறுப்பில்லை என்ற வரி இருக்கும். தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால்தான் அவரைப் பிடிக்க முடியும். கட்டடத்தைப் பார்க்க விற்பனையோடு சம்பந்தமில்லாத ஒரு கட்டட நிபுணரை நீங்கள்தான் கூட்டிப் போக வேண்டும்.

நோட்டார் முழுப் பத்திரத்தையும் உங்கள் முன் சத்தமாக வாசிப்பார். மொழி புரியவில்லை என்று சொன்னால் அவரே மொழிபெயர்க்க வேண்டும், அல்லது மொழிபெயர்ப்பாளர் வர வேண்டும். கணவர், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் அந்த வேலையைச் செய்ய முடியாது. நம்மவர்கள் செய்யும் தப்பு, கௌரவத்துக்காகத் தலையாட்டிவிடுவது. “புரிகிறது” என்று அவர் குறித்துக்கொண்டால் அப்புறம் வாதாடுவது கடினம். வரைவை முன்கூட்டியே வாங்கி மொழிபெயர்த்துப் படியுங்கள். விற்பவர் நிறுவனம் என்றால், கையெழுத்துக்கு 2 வாரம் முன்பு வரைவு உங்கள் கைக்கு வர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தனியாள் விற்றாலும் அதே 2 வாரத்தைக் கேளுங்கள்.

கேள்வி: ஃபிளாட்டுக்கு என்னென்ன தாள்கள் கேட்க வேண்டும்?

க்ருண்ட்பூக் நகலில் இரண்டாம் பிரிவைப் பாருங்கள். வழி விடும் உரிமை, ஒருவர் ஆயுள் முழுதும் குடியிருக்கும் உரிமை போன்ற வில்லங்கங்கள் அங்கேதான் இருக்கும். மூன்றாம் பிரிவில் அடமானம்.

அதைவிட முக்கியம், அந்தக் கட்டடத்து ஃபிளாட் உரிமையாளர்கள் கூட்டத்தின் கடைசி 3 வருட நடவடிக்கைக் குறிப்புகள். பலர் இதைக் கேட்பதே இல்லை. ஒரு கற்பனைக் கணக்கு: குடியிருப்பின் சேமிப்பு நிதியில் 18,000 யூரோ. கூரை, வெளிச்சுவர் வேலைக்கு 1,20,000 யூரோ ஆகும் என்று போன கூட்டத்தில் பேசியிருக்கிறார்கள். பற்றாக்குறை 1,02,000. உங்கள் உரிமைப் பங்கு ஆயிரத்தில் 85 என்றால், வாங்கிய சில மாதத்தில் 8,670 யூரோ கட்டச் சொல்லி ஓலை வரும். இதன் பெயர் ‘சோண்டர்உம்லாகே’. வசூல் நாளில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் கட்ட வேண்டும். ஏற்கெனவே தீர்மானம் ஆகியிருந்தால் விற்பவரே கொடுக்க வேண்டும் என்று பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். குறிப்புகளில் ‘ஃபொய்ஷ்டிக்கைட்’ (ஈரக்கசிவு), ‘ஸ்ட்ராங்சனீருங்’ (தண்ணீர்க்குழாய் முழுதும் மாற்றுவது), ‘ஆவுஃப்சுக்’ (லிஃப்ட்) என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தால், கை வைக்கும் முன் இன்னொரு முறை யோசியுங்கள்.

கேள்வி: விளம்பரத்தில் ஒரு வீடு அக்கம்பக்கத்தைவிட ரொம்ப மலிவு. காரணம் என்ன இருக்கும்?

இரண்டு சொற்களைத் தேடுங்கள். ‘எர்ப்பாவு’ என்றிருந்தால் நிலம் வேறொருவருடையது, வருடா வருடம் நிலவாடகை கட்ட வேண்டும். ‘ஃபெர்மீடெட்’ என்றிருந்தால் உள்ளே வாடகைக்கு ஆள் இருக்கிறார். வீடு கைமாறினாலும் வாடகை ஒப்பந்தம் தொடரும். அவர் குடிவந்த பிறகு கட்டடம் தனித்தனி ஃபிளாட்டுகளாகப் பிரிக்கப்பட்டு விற்கப்பட்டிருந்தால், சொந்த உபயோகத்துக்கு என்று சொல்லி அவரைக் காலி செய்ய குறைந்தது 3 வருடம் காத்திருக்க வேண்டும். பெர்லின், ஹாம்பர்க், மூனிக்கில் அது 10 வருடம். பிள்ளைகளோடு குடிபோக நினைப்பவர் ‘பெட்சுக்ஸ்ஃப்ரை’ (காலியாக ஒப்படைக்கப்படும்) என்ற சொல் உள்ள விளம்பரங்களை மட்டும் பாருங்கள். ‘லீப்ஹாபர்ஓப்யெக்ட்’, அதாவது ரசிகருக்கான வீடு என்று போட்டிருந்தால், பெரும்பாலும் வேறு யாரும் வாங்க மாட்டார்கள் என்று படித்துக்கொள்ளலாம்.

கேள்வி: நான்கைந்து வருடத்தில் ஊர் திரும்பினால்?

வாங்கி 10 வருடத்துக்குள் விற்றால் லாபத்துக்கு வருமான வரி உண்டு. ஆனால் விற்கும் வருடத்திலும் அதற்கு முந்தைய 2 வருடங்களிலும் நீங்களே அங்கே குடியிருந்தால் வரி இல்லை. இரண்டாவது செலவு வங்கியிடம்: வட்டி நிலையாக இருக்கும் காலத்துக்குள் கடனை அடைத்தால் அபராதம் கேட்பார்கள். முழுக்கடன் கைக்கு வந்து 10 வருடம் ஆனபின், 6 மாத முன்னறிவிப்போடு அபராதமின்றி முடிக்கலாம். நான்கைந்து வருடம்தான் இருப்பீர்கள் என்றால், மேலே சொன்ன 46,280 யூரோவையும் இந்த அபராதத்தையும் சேர்த்து அத்தனை வருட வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.